சுதிர்மான் சாலையில் ஒரு நடை

நேயர்களுக்கு வணக்கம். இந்தோனேசிய இளைஞர்களின் இன்றைய வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 17,000 தீவுகள் உள்ள நாடு அது. சில நிமிடங்களில் எல்லாவற்றையும் தொட்டுப் போவதில் பயனில்லை. ஜகார்த்தாவில் ஒரே ஒரு சாலைக்கு மட்டும் போவோம்.

சுதிர்மான் சாலை என்றால் வங்கிகள், கண்ணாடிக் கட்டடங்கள், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய அலுவலகக்காரர்கள். அதை ஒட்டி டூகூ அத்தாஸ் என்று ஓர் இடம்; புறநகர் ரயிலும் மெட்ரோவும் அங்கேதான் கூடுகின்றன. 2022 ஜூலையில் அங்கிருந்த ஒரு ஜீப்ரா கிராசிங்கைப் பதின்வயதுப் பிள்ளைகள் ஃபேஷன் ஷோ மேடையாக்கிவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக நடப்பது, நடுவில் நின்று ஒரு பார்வை, திரும்பி வருவது. ஓரத்தில் கைபேசிகளோடு கூட்டம். டிக்டாக்கில் பரவ எத்தனை நேரம் ஆகும்!

இவர்கள் யாரும் நகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அல்ல. தெற்கே சிதாயம், போஜோங் கெடே, டெப்போக் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள். புறநகர் ரயிலில் முதல் 25 கிலோமீட்டருக்கு அந்த நாட்டுப் பணத்தில் 3,000 ரூபியாதான் கட்டணம்; ஒரு டம்ளர் பால் காப்பியை விடக் குறைவு. இந்த மலிவு டிக்கெட் இல்லையென்றால் அந்த ஃபேஷனே இல்லை என்பேன். உடைகளும் மலிவுதான்: நண்பனிடம் வாங்கிப் போட்ட ஜாக்கெட், சந்தையில் எடுத்த பழைய துணி. பாசார் செனென் சந்தையில் வெளிநாட்டுப் பழைய உடுப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவற்றின் இறக்குமதிக்குச் சட்டப்படி தடை உண்டு. 2023இல் உள்ளூர் ஜவுளித் தொழிலைக் கெடுக்கிறது என்று அதிபர் ஜோகோவியே கண்டித்தார். மூட்டைகளைப் பிடித்து எரித்தார்கள். வாங்குகிற பிள்ளைகள் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சரி, சிதாயம் ஃபேஷன் வீக் என்று பெயர் வாங்கிய அந்த நடைக்கு என்ன ஆனது? முதலில் பெரியவர்கள் வந்தார்கள். அப்போது ஜகார்த்தா ஆளுநராக இருந்த அனீஸ் பாஸ்வேதானும் அந்தக் கோடுகளின் மேல் நடந்து பார்த்தார். விளம்பரக்காரர்கள் வந்தார்கள். நடிகர் பாயிம் வோங்கின் நிறுவனம் அந்தப் பெயரையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. நாடே திட்டியது, சில நாட்களில் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. தெருப்பிள்ளைகள் சம்பளமில்லாமல் உண்டாக்கியதை இன்னொருவர் பட்டா போடப் பார்த்தால் கோபம் வராதா?

அப்புறம் அதிகாரிகள் வந்தார்கள். போக்குவரத்து நெரிசல், குப்பை, கடைசி ரயிலை விட்டுவிட்டு நடைபாதையிலேயே தூங்கும் பிள்ளைகள் என்று காரணங்களை அடுக்கி, கூட்டத்தைக் கலைத்தார்கள். அந்தக் காரணங்களில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் கூடி உட்கார்ந்து பொழுது போக்குவது, அவர்கள் 'நோங்க்ரோங்' என்பது, அந்த ஊரில் இளமையின் பாதி. காசுள்ளவன் காப்பிக் கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் வாடிக்கையாளர். காசில்லாதவன் நடைபாதையில் உட்கார்ந்தால் இடைஞ்சல். இது எனக்கு உறுத்துகிறது.

அதே சுதிர்மான் சாலையில் ஞாயிறு காலை கார்களுக்கு அனுமதி கிடையாது. இப்போது அங்கே ஓட்டம்தான் மோஸ்தர். விலையுயர்ந்த காலணி, கையில் கடிகாரம், ஓடிய தூரத்தை ஸ்ட்ராவா செயலியில் போட்டால்தான் ஓடியதாகக் கணக்கு. 2024இல் இதிலும் ஒரு வேடிக்கை. ஓட முடியாதவர்களுக்காக அவர்கள் கணக்கில் ஓடிக்கொடுக்க 'ஜாக்கிகள்' கிளம்பினார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு, வேகம் கூடினால் கூடுதல் என்று இணையத்தில் விலை வைத்தார்கள். வியர்வை ஒருவருக்கு, லைக் இன்னொருவருக்கு! அப்படி ஓடிக்கொடுத்தவர்களில் பலர் பள்ளி, கல்லூரி மாணவர்கள். கைச்செலவுக்கு ஆயிற்று என்று அவர்கள் ஓடினார்கள்.

நன்றி, வணக்கம்.