காந்தத்தோடு போங்கள்

வணக்கம். 'விற்பனைக்கு: 1962 ஜாகுவார் மார்க் 2, 3.8 லிட்டர், முழுவதும் புதுப்பித்தது.' இங்கிலாந்தில் பழைய கார் விளம்பரங்களைப் புரட்டுகிறவர்களுக்கு இது பழகிய வரி. எனக்கோ இன்றைக்கும் இதைப் படித்தால் நெஞ்சு படபடக்கும். அதில் 'புதுப்பித்தது' என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் வண்டி. 1959 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், ஜாகுவாரின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் செய்தார்கள். பிள்ளைகுட்டியோடு ஐந்து பேர் உட்காரலாம். உள்ளே வால்நட் மரப் பலகை, தோல் இருக்கை. முன்னால் 220 குதிரைத்திறன். மணிக்கு 125 மைல் போகும். அவ்வளவு வேகத்தை அடக்க நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். போலீஸ்காரர்களும் இதை ஓட்டினார்கள், அவர்கள் துரத்திய திருடர்களும் இதையே ஓட்டினார்கள். அந்த என்ஜின் பிறந்த கதையும் எனக்குப் பிடிக்கும். போர்க்காலத்தில், குண்டு விழுந்து தீப்பிடிக்குமோ என்று தொழிற்சாலையில் இரவுக்காவல் இருந்தபோது, ஜாகுவாரை நிறுவிய வில்லியம் லையன்ஸும் அவருடைய பொறியாளர்களும் உட்கார்ந்து பேசிப் பேசித் திட்டமிட்ட என்ஜின் அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் முதன்முதலில் வாங்கிய மார்க் 2-வும் 'முழுவதும் புதுப்பித்தது'தான். விற்றவர் பெயர் வேண்டாம். சாம்பல் நிறப் பெயின்ட், சிவப்புத் தோல் இருக்கை. கதவைத் திறந்ததும் வந்த அந்தத் தோல் வாசனையிலேயே மனதைப் பறிகொடுத்துவிட்டேன். பேரமே பேசவில்லை. ஒரு மாதம் கழித்து டயர் மாற்ற ஜாக்கி வைத்தேன். ஜாக்கி மேலே போகிறது, வண்டி எழும்பவில்லை. மொறுமொறுவென்று அப்பளம் நொறுங்குகிற சத்தம். குனிந்து பார்த்தால், கதவுக்குக் கீழே ஓடும் ஓரச்சட்டத்துக்குள் ஜாக்கி நுழைந்துவிட்டது. கையை விட்டேன். செம்மண் மாதிரித் துருப்பொடி கொட்டியது. பிறகு ஒரு கட்டிப் பட்டி, அதாவது ஓட்டை அடைக்கப் பூசும் பசை. அதற்குப் பின்னால் செய்தித்தாள். ஆமாம், ஓட்டையில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரு துண்டில் வானிலை அறிக்கை பாதி இருந்தது. அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். அந்த ஓரச்சட்டங்களை வெட்டி எடுத்துப் புதிதாக வைக்க எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது.

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் கனமான சட்டம் இருக்கும், அதன்மேல் உடலை வைத்திருப்பார்கள். இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது. தகரப் பெட்டியேதான் எலும்பு. தீப்பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள், விறைப்பாக இருக்கும். ஓரத்தை ஒரு பக்கம் கிழித்துவிட்டால் நெளிய ஆரம்பித்துவிடும். ஓரச்சட்டம் துருப்பிடித்த மார்க் 2-வும் அப்படித்தான். மழையும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான்.

அதனால், பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். துணி பெயின்ட்டில் கீறல் விழாமல் காக்கும். கதவில் வைத்தால் கப்பென்று ஒட்டும். அப்படியே கீழே இறக்கி ஓரச்சட்டத்தில் வையுங்கள். பிடி தளர்ந்து நழுவினால் அங்கே பட்டி தடிமனாக இருக்கிறது. அப்புறம், கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அளவாக இல்லை என்றால், முட்டுக்கொடுக்காமலேயே ஓரச்சட்டத்தை வெட்டி ஒட்டியிருக்கலாம், பெட்டி தொங்கியிருக்கும். பின்பக்க ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தையும் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். பெயின்ட்டைக் கடைசியில் பார்க்கலாம். திரும்பவும் சொல்கிறேன், பெயின்ட்டைக் கடைசியில் பாருங்கள்.

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது போட்டோ. வேலை நடந்தபோது எடுத்தவை: தகரத்தை வெட்டியது, புதுத் தகரம் வைத்தது, வெல்டிங் தையல். மனசாரப் புதுப்பித்தவர் ஒரு ஆல்பமே வைத்திருப்பார், கேட்காமலேயே கொண்டுவந்து காட்டுவார். பளபளக்கிற இன்றைய படங்கள் மட்டும் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். இன்னொன்று, 40 வயது தாண்டிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு 2018-லிருந்து பிரிட்டனில் ஆண்டுதோறும் செய்யும் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. 'சோதனை தேவையில்லை' என்று விற்பவர் சொன்னால் அது சட்டப்படி சரிதான். ஆனாலும் உங்கள் செலவிலாவது ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஜாகுவார் டெய்ம்லர் பாரம்பரிய அறக்கட்டளை தரும் சான்றிதழில் என்ஜின் எண்ணும் முதலில் அடித்த நிறமும் இருக்கும். வண்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். என்ஜினைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷர் முள்ளைப் பாருங்கள், நிமிடத்துக்கு 3000 சுற்றில் 40-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 1965-க்கு முந்தைய கியர்பாக்ஸ் என்றால் முதல் கியரில் ஊளையிடும். அது அதன் இயல்பு, பயப்பட வேண்டாம். வணக்கம்.