நேற்று அந்தக் காட்சியைப் பார்த்தீர்களா?

நடுவர் ஐயா அவர்களுக்கும் அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். "வேலை இடத்தில் நடக்கும் போராட்டத்தை ஊருக்குப் புரியவைப்பது செய்தியா, தொலைக்காட்சித் தொடரா?" என்பது இன்றைய தலைப்பு. தொடர்தான் என்று சொல்லும் அணியிலிருந்து பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, "தொடர் பார்க்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த சேனலுக்குப் போய்விடுவார்கள், செய்தி பார்க்கிறவர்கள்தான் கேள்வி கேட்பார்கள்" என்றார். சரி, வேலைநிறுத்தச் செய்தி எப்படி வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். ரயில்கள் ஓடவில்லை. பயணிகள் அவதி. பேச்சுவார்த்தை தோல்வி. ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ரயிலை ஓட்டுகிறவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார், வேலையையே நிறுத்தும் அளவுக்கு அவர் ஏன் வந்தார் என்பதெல்லாம் அதற்குள் அடங்காது. செய்தியாளர்களைக் குறை சொல்லவில்லை. இன்று நடந்ததைச் சொல்வது அவர்கள் வேலை. ஆனால் போராட்டம் இன்றா ஆரம்பித்தது, ஐயா? பல வருஷமாக வாய்க்குள்ளேயே விழுங்கிய வார்த்தைகள் அல்லவா ஒரு நாள் கோஷமாக வெளியே வருகின்றன! அந்தப் பல வருஷத்தைக் காட்ட தொடருக்குத்தான் பொறுமை இருக்கிறது.

பிரிட்டனில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அங்கே கிளை அஞ்சலகங்களை நடத்துகிறவர்களுக்கு 'ஹொரைசன்' என்ற கணினி மென்பொருளைக் கொடுத்தார்கள். அதில் கோளாறு. இல்லாத பணத்தை, கணக்கில் குறைகிறது என்று காட்டியது. குறையும் பணத்தை நீங்களே கட்டுங்கள் என்றது அஞ்சல் நிறுவனம். நகையை விற்றார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள். 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று: உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை." நீ ஒருத்திதான், நீ ஒருவன்தான் என்று நம்பவைத்துவிட்டால் போதும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

2009-இல் ஃபென்னி காம்ப்டன் என்ற சிற்றூரின் மண்டபத்தில் கிளை அஞ்சலகம் நடத்தியவர்களில் ஒருவரான ஆலன் பேட்ஸ் என்பவர் முயற்சியில் பாதிக்கப்பட்டவர்கள் கூடியபோதுதான், தாங்கள் தனி ஆள் இல்லை என்பதையே பலர் கண்ணால் கண்டார்கள். அதே வருஷம் ஒரு கணினிப் பத்திரிகை இதை வெளியிட்டது. 2019-இல், 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், மென்பொருளில் கோளாறு உண்டு என்று உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. எதிரணித் தலைவர் இதைத்தான் எடுத்துச் சொன்னார்: "செய்தியும் நீதிமன்றமும் செய்து முடித்த வேலைக்குத் தொடர் பெயர் வாங்கிக்கொண்டது" என்று. அந்தச் செய்தியாளர்களை நானும் வணங்குகிறேன். ஆனால் முடிந்துவிட்டதா? தீர்ப்புக்குப் பிறகும் நூற்றுக்கணக்கானவர்கள் குற்றவாளி என்ற பெயரோடுதானே வாழ்ந்தார்கள்!

2024 ஜனவரி முதல் வாரத்தில் அந்நாட்டு ஐடிவி சேனலில் இந்தக் கதை நான்கு பகுதித் தொடராக வந்தது. ஒரு பெண் உதவி எண்ணை அழைத்து, அவர்கள் சொன்னபடியே விசையைத் தட்டுகிறார். கண்ணெதிரே, குறையும் தொகை இரண்டு மடங்காகிறது. அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு அப்புறம் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. மறுநாள் பேருந்திலும் அலுவலகத்திலும் அதே பேச்சு. நிறுவனத்தின் முன்னாள் தலைமை அதிகாரிக்குக் கொடுத்த அரசு விருதைத் திரும்பப் பெற வேண்டும் என்று பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கையெழுத்திட்டார்கள். அவர் ஜனவரி 9-ஆம் தேதி விருதைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். மறுநாளே, தண்டனைகளை ரத்து செய்யச் சட்டம் வரும் என்று பிரதமர் சொன்னார். மே மாதம் அது சட்டமானது. அதுவரை பேசாமல் இருந்த பாதிக்கப்பட்டவர்கள் பலர் புதிதாக வழக்கறிஞர்களைத் தேடி வந்தார்கள். நடுவர் ஐயா, என் வாதத்துக்கு இந்த ஒன்றே போதும்.

"தொடர் எடுப்பதே பெரிய கம்பெனிகள், அவர்களா உழைப்பாளிக்காகப் பேசுவார்கள்?" என்றும் எதிரணியில் ஒரு கேள்வி வந்தது. பணம் போடுவது கம்பெனி, உண்மை. எழுதுகிறவர் கூலிக்கு எழுதுகிறவர். 2023-இல் அமெரிக்காவில் 11,000-க்கும் மேற்பட்ட திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதாகையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்ற அந்தக் கைகள்தானே நாளைக்குத் தொழிலாளியின் வசனத்தை எழுதப்போகின்றன?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1970-களில் வந்த 'மேரி டைலர் மூர் ஷோ'வில், தனக்கு முன் அதே வேலையில் இருந்த ஆணுக்கு வாரம் 50 டாலர் கூடுதல் சம்பளம் என்று நாயகி கண்டுபிடிக்கிறாள். ஏன் என்று கேட்டால், அவர் ஆண், அவருக்குக் குடும்பம் இருந்தது என்கிறார் மேலாளர். சம ஊதியச் சட்டம் 1963-லேயே வந்துவிட்ட நாடு அது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. ஆனால் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதல் வேலை இருக்கும். அதற்குச் சம்பளம் கிடையாது. யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் தொடரைப் பற்றிப் பேசுவோம். ஒரு நாள், "நேற்று அந்தக் காட்சியைப் பார்த்தீர்களா?" என்று பேச்சு வந்தது. கதாநாயகியை இரவு வரை உட்காரவைத்துவிட்டு, "நீ நம் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி அம்மா" என்று முதலாளி சொல்கிற காட்சி. எங்களோடு அதிகம் பேசாத ஒரு அக்கா, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "என்னிடமும் இதையேதான் சொன்னார்கள்." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் இன்னொருவர், "என்னிடமும்" என்றார். ஒவ்வொருவராகச் சொன்னபோது, அந்த மேசையில் இருந்த எல்லோரிடமும் அதே வாக்கியம் சொல்லப்பட்டிருந்தது தெரிந்தது.

அடுத்த வாரம் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் வந்தது, பழைய பாக்கி வரவில்லை. அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது.

நன்றி, வணக்கம்.