மார்ஷ்மெல்லோ கோபுரம் கட்டினால் லீடர் ஆகிவிடலாமா? | டர்பன் டாக்டர் வ்லாக்

வணக்கம் மக்களே. வழக்கம்போல காரில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் சுவரில் டிரில் போட ஆரம்பித்துவிட்டார். அந்த டிரில்லைப் பற்றிப் போன வீடியோவிலேயே வயிறெரியப் புலம்பியாகிவிட்டது. இன்றைக்குப் புலம்ப வேறு விஷயம் இருக்கிறது.

இந்த வார இறுதி முழுவதையும் ஒரு பயிற்சி விழுங்கிவிட்டது. தலைப்பு: இளம் மருத்துவர்களுக்கான தலைமைப் பண்பும் பேச்சுத் திறனும். இடம், உம்லாங்கா பக்கம் ஒரு ஹோட்டல். பெயர் வேண்டாம். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி: தமிழ்நாட்டில் பிஜி என்று சொல்வீர்களே, அமெரிக்காவில் ரெசிடென்ட், அதற்கு இங்கே தென்னாப்பிரிக்காவில் ரெஜிஸ்ட்ரார் என்று பெயர். டாக்டர் பட்டம் வாங்கி, இரண்டு வருடம் இன்டர்ன், ஒரு வருடம் காம்-சர்வ் என்கிற கட்டாய அரசுப் பணி, அப்புறம் இடம் கிடைத்தால் ரெஜிஸ்ட்ரார். நான் பொது மருத்துவத்தில் இருக்கிறேன். டர்பன் அரசு மருத்துவமனை. மீதி எல்லாம் பழைய வீடியோக்களில் இருக்கிறது.

முதலில் பார்க்கிங். இல்லை, இதைச் சொல்லியே ஆக வேண்டும். 95 ரேண்ட்! ஒரு நாளைக்கு! அந்தக் காசுக்கு நம் ஆட்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பீன்ஸ் பன்னி, அதாவது ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் குழம்பு ஊற்றியது, வாங்கினால் மீதிச் சில்லறை கையில் வரும். பயிற்சிக்கு வந்தவர்களுக்கு ரிசப்ஷனில் பார்க்கிங் சீட்டில் முத்திரை குத்தித் தருவார்கள், காசு கிடையாது என்று ஈமெயிலில் போட்டிருந்தது. சீட்டை நீட்டினேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, 'அது மாநாட்டு ஹாலுக்கு மட்டும், உங்களுடையது போர்டு ரூம்' என்கிறார். ஒரே கட்டிடம், ஒரே மாடி! இரண்டாம் நாள் வெளியே தெருவில் நிறுத்தினேன். கார்களுக்குக் காவல் நிற்கிற மஞ்சள் ஜாக்கெட் அண்ணன் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டார், 10 ரேண்ட் கொடுத்தேன். வெயிலில் நின்ற காரின் கண்ணாடிக்கு ஒரு அட்டைப் பெட்டியை வேறு விரித்து வைத்திருந்தார். தலைமைப் பண்பு வகுப்பை அவரிடமே எடுக்கச் சொல்லியிருக்கலாம்.

சரி, உள்ளே போவோம். முதல் மணி நேரம் ஸ்லைடு. எனக்கும் பவர்பாயிண்டுக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். கனடாக்காரர்கள் 1990களில் கேன்மெட்ஸ் என்று ஒரு சட்டகம் உருவாக்கினார்கள். ஒரு டாக்டருக்கு ஏழு பொறுப்புகள், அதில் ஒன்று நன்றாகப் பேசுபவர், இன்னொன்று மேனேஜர். 2015 இல் மேனேஜரை எடுத்துவிட்டு லீடர் என்று போட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் நாங்களும் அதைக் கொஞ்சம் மாற்றி ஆஃப்ரிமெட்ஸ் என்று வைத்துக்கொண்டோம். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆனது. பயிற்சி நடத்தியவருக்கு நாற்பது ஸ்லைடு.

அப்புறம் வந்தது அந்தக் கோபுரம். 20 ஸ்பகெட்டி குச்சி, கொஞ்சம் டேப், கொஞ்சம் நூல், ஒரே ஒரு மார்ஷ்மெல்லோ, 18 நிமிடம். உச்சியில் மார்ஷ்மெல்லோ நிற்க வேண்டும். ராத்திரி டியூட்டி முடித்து நேராக வந்தவர்கள் பாதிப் பேர். கண் செருகுகிறது, கையில் ஸ்பகெட்டி. எங்கள் குழுவில் எலும்பு டாக்டர் ஒருவர் இருந்தார். கேட்க வேண்டுமா, குச்சியைக் கையில் எடுத்தவர் கடைசி வரைக்கும் கீழே வைக்கவில்லை. அழகாக உயர்ந்தது. மேலே மார்ஷ்மெல்லோவை வைத்ததும் மொத்தமும் மடங்கிப் படுத்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நடத்தியவர் கை தட்டினார், 'தோல்வியிலிருந்து கற்றுக்கொள்கிறோம்' என்று சொல்லிவிட்டு டீக்கு விட்டுவிட்டார்.

எனக்கு எரிச்சல் வந்தது அதனால் இல்லை. எங்கள் மேஜையின் ஓரத்தில் மயக்க மருந்துத் துறைப் பெண் ஒருத்தி இருந்தாள். ஆரம்பத்திலேயே சொன்னாள்: 'மார்ஷ்மெல்லோ பார்க்க லேசாக இருக்கிறது, ஆனால் கனம். அதை இப்போதே வைத்துப் பார்ப்போம்.' மெதுவாகச் சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பயிற்சியின் மொத்தப் பாடமும் அந்த ஒரு நொடியில் இருந்தது. நடத்தியவர் எங்கள் மேஜை பக்கத்திலேயே நின்றார், போனைப் பார்த்துக்கொண்டு!

மதியத்துக்கு முன்னால், நீங்கள் சிங்கமா டால்பினா என்று குணம் பார்க்கிற ஒரு படிவம். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

அப்புறம் டெனெரிஃப். இந்த மாதிரிப் பயிற்சி எதற்குப் போனாலும் டெனெரிஃப் வந்தே தீரும். 1977 மார்ச் 27, கேனரி தீவுகளில் விமான நிலையம், மூடுபனி, இரண்டு ஜம்போ ஜெட் ஓடுபாதையில் மோதி 583 பேர் சாவு. கதை தெரிந்ததுதான், ஆனாலும் ஒரு இடம் ஒவ்வொரு முறையும் என்னை உலுக்கும். புறப்பட ஓடிக்கொண்டிருந்த கேஎல்எம் விமானத்தின் கேப்டன் சாதாரண ஆள் இல்லை, மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பெரிய தலை. பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியர், 'அந்த பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டுப் போய்விட்டதா' என்று கேட்கிறார். கேப்டன், 'போய்விட்டது' என்கிறார், அழுத்தமாக. இன்ஜினியர் அதற்கு மேல் பேசவில்லை. நம் வார்டில் இந்தக் காட்சி எத்தனை முறை நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். இன்டர்ன் கேட்பான், கன்சல்டன்ட் ஒரு பார்வை பார்ப்பார், இன்டர்ன் ஃபைலை மூடிவிடுவான்.

மதியத்துக்குப் பிறகு பயிற்சி நடத்துகிற ஆளே மாறினார். வயதான சிஸ்டர் ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் காலம் தள்ளியவர். ஸ்லைடு கிடையாது! கொண்டாடினேன். இரண்டு நாற்காலியை முதுகோடு முதுகாகப் போட்டு, ஒருவர் இன்டர்ன், ஒருவர் ரெஜிஸ்ட்ரார், ராத்திரி இரண்டு மணி போன் கால். என்னை இன்டர்னாக உட்கார வைத்தார். சர்க்கரை எகிறி ரத்தம் அமிலமாகிப்போன நோயாளி, இன்சுலின் ஓடிக்கொண்டிருக்கிறது, பொட்டாசியம் 2.8. டாக்டர்களுக்கு இப்போதே வியர்த்திருக்கும். மற்றவர்களுக்கு: பொட்டாசியம் 3.3 க்குக் கீழே போனால் இன்சுலினை நிறுத்திவிட்டு முதலில் பொட்டாசியம் ஏற்ற வேண்டும். இன்சுலின் ஓட ஓட அது இன்னும் இறங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும்.

முதல் சுற்றில் எல்லோரும் பேசுகிற மாதிரிப் பேசச் சொன்னார். 'சாரி டாக்டர், எழுப்பிவிட்டேன், 58 வயது ஆண், சாயங்காலம் வந்தார், மூன்று நாளாக வாந்தி, வீட்டில் மாத்திரை சரியாகச் சாப்பிடவில்லையாம்...' பொட்டாசியம் வருவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பின்னால் இருந்தவர் நிஜமாகவே கொட்டாவி விட்டார். அடுத்த சுற்று எஸ்பார், நான்கு படியில் பேசுகிற முறை. இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். 'பொட்டாசியம் 2.8, இன்சுலின் ஓடுகிறது. நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். சரியென்று சொல்லுங்கள், உடனே வார்டுக்கு வாருங்கள்.' முடிந்தது. இது அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்த முறை. கைசர் பெர்மனன்டே மருத்துவமனைக்காரர்கள் அதை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஓ, முக்கியமானதை விட்டுவிட்டேன். சிஸ்டர் மதிப்பெண் போட்டது இன்டர்னுக்கு இல்லை, ரெஜிஸ்ட்ராருக்கு! போனை எடுத்ததும் முதல் வார்த்தை என்ன என்று பார்த்தார். 'என்ன இப்போ' என்று எடுத்தவருக்குப் பூஜ்ஜியம். 'கூப்பிட்டது நல்லது, சொல்லு' என்று எடுத்தவருக்கு முழு மார்க். அடுத்த முறை அந்தப் பையன் போன் பண்ணுவானா, விடியட்டும் என்று விட்டுவிடுவானா என்பது அந்த முதல் வார்த்தையில்தான் இருக்கிறது என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியத்துக்காகவே 95 ரேண்ட் போனால் போகட்டும் என்று தோன்றியது. ஒரு நாள் 95 மட்டும். இரண்டு நாள் என்றால் தோன்றியிருக்காது.

ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கிற ஹேண்டோவருக்கு ஐ-பாஸ் என்கிற முறையைச் சொல்லித்தந்தார். 2014 இல் வெளியான ஆய்வு: அமெரிக்கா, கனடாவில் 9 குழந்தைகள் மருத்துவப் பிரிவுகள், 10,740 நோயாளிச் சேர்க்கைகள். ரெசிடென்ட்கள் இந்த முறையில் பணியை ஒப்படைக்க ஆரம்பித்த பிறகு மருத்துவப் பிழை 23 சதவீதம் குறைந்தது. தடுத்திருக்கக்கூடிய பாதிப்பு 30 சதவீதம் குறைந்தது. ஒப்படைக்கிற நேரமும் கூடவில்லை. இதில் எனக்குப் பிடித்தது கடைசிப் படி: வாங்கிக்கொள்கிறவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் காலை ஹேண்டோவரில் வாங்கிக்கொள்கிறவர் டோஸ்ட்தான் மென்றுகொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை, நோயாளியோடு பேசுவது. 1984 இல் பெக்மன், ஃப்ராங்கெல் என்ற இருவர் அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள்: நோயாளி வாய் திறந்து சராசரி 18 விநாடியில் டாக்டர் குறுக்கே விழுகிறார். பேசவிட்டால் ஓய மாட்டார்கள் என்பதுதான் நம் பயம். 2002 இல் சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தார்கள். 335 நோயாளிகள், சராசரி 92 விநாடியில் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் ஏழே பேர். அந்த ஏழு பேரும் செவ்வாய்க்கிழமை என் கிளினிக்குக்கு வருவார்கள் என்பது வேறு விஷயம்.

கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி. நோயாளியின் மகளாக ஒரு நடிகையை வைத்துச் செய்தோம். அறுவை சிகிச்சை ரெஜிஸ்ட்ரார் முதலில் போனார். நல்ல மனிதர். 'புற்றுநோய்' என்று சொன்ன மூச்சிலேயே கீமோ, ஸ்கேன், அடுத்த அப்பாயின்ட்மென்ட் என்று கொட்டிவிட்டார். அந்தப் பெண்ணின் கண் முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டது, மீதி எதுவும் உள்ளே போகவில்லை. டிஷ்யூ பெட்டி ஜன்னலோரம் இருந்தது. அவள் எழுந்து நடந்து போய் எடுத்துவந்தாள், அவர் பேசிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு போனவர்கள் எல்லோரும் முதலில் அந்தப் பெட்டியை நகர்த்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

இப்போது என் பெரிய குறை. எல்லாமே இங்கிலீஷில்! நடிகை இங்கிலீஷ், உறவினர் இங்கிலீஷ், அழுகை மட்டும்தான் பொது. டர்பன் இருக்கிற குவாசூலு-நட்டால் மாகாணத்தின் அரசு வார்டில் என் நோயாளிகளில் பெரும்பாலோர் சூலு பேசுபவர்கள். குபுஹ்லுங்கு குபி, எங்கே வலிக்கிறது என்று கேட்க எனக்கு வரும். ஆனால் பதில் வேகமாக வந்தால் சிஸ்டரைத்தான் தேடுவேன். சிஸ்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்தால், தரை துடைக்கிற அம்மா. ஒரு கோகோவிடம், அதாவது சூலுப் பாட்டியிடம், அவர் காலை வெட்டி எடுக்க வேண்டும் என்ற செய்தியைத் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தவர் மொழிபெயர்க்கிறார். கோகோ 'யெபோ, டாக்டர்' என்கிறார். மரியாதைக்குச் சொல்கிற ஆமாம் அது. புரிந்ததற்கான ஆமாம் இல்லை. மொழிபெயர்ப்பவரை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது, யாரைப் பார்த்துப் பேசுவது, எத்தனை வாக்கியத்தில் நிறுத்துவது, நான் சொன்னதைக் கோகோ தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் செய்வது எப்படி? ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. கேட்டேன். 'நல்ல கேள்வி, நேரம் இல்லை' என்றார்கள். சிங்கம் டால்பினுக்கு நேரம் இருந்தது!

நம் ஆட்களிடம் வேறு மாதிரிச் சிக்கல். சாட்ஸ்வொர்த்திலிருந்து தமிழ் பேசுகிற ஆயாக்கள், அதாவது பாட்டிகள், இப்போது அபூர்வமாகத்தான் வருகிறார்கள். வந்தால் எனக்குக் குஷி, வார்டே திரும்பிப் பார்க்கும். ஆனால் மகன் என்னைக் காரிடாரில் மடக்குவார்: 'டாக்டர், அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார்கள்.' ஸ்பைக்ஸில் மூன்றாவது படி இதற்கென்றே இருக்கிறது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே கேட்பது. நான் மகனிடம், 'நானாகப் போய்க் கொட்ட மாட்டேன். ஆனால் அவர்களே கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன்' என்று சொல்லிவிடுவேன். அப்புறம் ஆயாவிடம், 'ரிப்போர்ட் வந்திருக்கிறது, உங்களிடம் சொல்லட்டுமா, மகனிடம் பேசட்டுமா' என்று கேட்பேன். ஒரு ஆயா சொன்ன பதில்: 'அவனிடம் மெதுவாகச் சொல்லு, அவன் தாங்க மாட்டான். எனக்கு வந்த அன்றைக்கே தெரியும்.'

போன வாரம் ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார், தமிழ்நாட்டில் இதெல்லாம் உண்டா என்று. 2019 இல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் ஏட்காம் என்று ஒரு பகுதி இருக்கிறது: நடத்தை, நெறிமுறை, பேச்சுத் திறன். உங்கள் கல்லூரியில் அது நிஜமாக நடக்கிறதா, வருகைப் பதிவோடு முடிகிறதா, படிக்கிறவர்கள் எழுதுங்கள்.

நான் துறைத் தலைவருக்கு ஈமெயில் போட்டிருக்கிறேன். ஹோட்டல் வேண்டாம், வார்டிலேயே புதன் மதியம் அரை மணி நேரம், போன் கால் பயிற்சி. சிஸ்டர்களும் வர வேண்டும், மொழிபெயர்க்கிற ஒருவரும் வர வேண்டும். ஸ்பகெட்டி கூடாது என்று தனி வரியே போட்டேன். பதில் வந்தது: 'நல்ல யோசனை, நீங்களே நடத்துங்கள்.' சம்பளம் அதேதான். முதல் புதனுக்கு அந்த மயக்க மருந்துப் பெண்ணைப் பேசக் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறாள். சரி மக்களே, போனில் சார்ஜ் 4 சதவீதம், பார்க்கலாம்.