பசை சேர்த்தும் தாள் உதிர்வது ஏன்?

வணக்கம். சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கும் அன்பர் ஒருவர், பழைய செய்தித்தாளை ஊறவைத்து மிக்ஸியில் அரைத்துத் தாள் வார்ப்பதாகவும், கூழில் பசை கலந்தும் காய்ந்தபின் தாள் உதிர்வதாகவும் எழுதி, எங்கே தவறுகிறது என்று கேட்டிருக்கிறார்.

பசை தேவையே இல்லை. ஈரத்தில் நெருங்கிக் கிடக்கும் செல்லுலோஸ் நார்கள் (தாவரங்களின் நார்ப்பொருள்), நீர் வெளியேற வெளியேற ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நார் நீளமாகவும், தட்டித் தட்டி மேற்பரப்பில் பிசிறுவிட்டதாகவும் இருந்தால்தான் அந்தப் பிடி இறுகும். செய்தித்தாளில் இருப்பதோ பெரும்பாலும் மரத்தை அரைத்தெடுத்த குட்டை நார். மிக்ஸியின் கத்தி அதை இன்னும் நறுக்கிவிடுகிறது.

ஆகவே, கூழை அள்ளித் தாளாக வடிக்கும் வலைச்சட்டத்தைச் சில வாரங்கள் ஒதுக்கிவைத்துவிட்டு நாரோடு பழகுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கோயில் விழாவுக்கோ திருமணத்துக்கோ வாசலில் கட்டிய வாழைமரத்தை, விழா முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மட்டையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, சலவைச் சோடா கரைத்த நீரில், இழுத்தால் நார் எளிதில் பிரியும்வரை சில மணி நேரம் வேகவையுங்கள். எவர்சில்வர் பாத்திரமே வேண்டும். அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். பிறகு வழுவழுப்பு நீங்கும்வரை அலசி, மரச் சுத்தியால் பொறுமையாகத் தட்டுங்கள். கை வலிக்கும், ஆனால் இந்தக் கலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. போதுமா என்று அறிய, ஒரு சிட்டிகைக் கூழைக் கண்ணாடிப் புட்டியில் நீரோடு குலுக்கிப் பாருங்கள்: முடிச்சு ஏதுமின்றி மேகம்போலப் பரவினால் பதம் வந்துவிட்டது.

ஜப்பானியர் வாஷி தாள் வார்க்கும்போது, வெண்டையின் உறவுச்செடியான தொரோரோ அவோயின் வேரிலிருந்து எடுக்கும் கொழகொழப்பான சாற்றைத் தொட்டியில் கலப்பார்கள். அதுவும் பசையன்று. நார்கள் திரளாமல் மிதக்கவும், நீர் மெல்ல வடியவும் உதவுவது. நாம் வெண்டைக்காயை ஊறவைத்த நீரைக் கொண்டு முயன்று பார்க்கலாம்.

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் வார்த்த ஈரத்தாளைத் துணிகளுக்கிடையே அடுக்கியபடியே விட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே நன்றாக அழுத்தி நீரை எடுத்த கையோடு கண்ணாடிப் பலகையில் தூரிகையால் ஒட்டி, மின்விசிறிக்கு எதிரே வையுங்கள்; சுருங்காமலும் காயும். எஞ்சிய கூழ்நீரைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். துணியில் வடிகட்டிப் பிழிந்த கூழை உலர்த்தி வைத்தால், மறுமுறை ஊறவைத்து வார்க்கலாம்.