கரவன் வானைக் கடற்கரையில இறக்கலாமோ?

அடுத்த கேள்வி, வவுனியாவில இருந்து ஒரு தங்கச்சி: "படுத்துச் சமைக்கிற வசதியுள்ள கரவன் வானில முல்லைத்தீவுக் கரையும் பூநகரிக் கரையும் பாக்கப் போறம். கடற்கரை வரைக்கும் வானை இறக்கலாமோ?"

இறக்காதேங்கோ தங்கச்சி. முல்லைத்தீவில இருந்து அளம்பில், செம்மலை, நாயாறு எண்டு கொக்கிளாய்க்குப் போற தெரு கடலுக்குக் கிட்டத்தான் போகுது. கிறவல் இறுகின இடமாப் பாத்து விட்டிட்டு நடந்தாலே காணும். கட்டில், தண்ணித் தாங்கி, காஸ் சிலிண்டர் ஏத்தின வானுக்குப் பின்பக்கம் பாரம் கூட. மணலில பின்சில்லு சுத்தத் தொடங்கினா அச்சு முட்டத் தாண்டு போகும்.

தாண்டா அக்சிலேற்றரை மிதிக்காதேங்கோ. சில்லு தனக்குக் கீழ இருக்கிற மணலை வாரி எறிஞ்சு குழியைத்தான் ஆழமாக்கும். முதல் ஆக்களை இறக்கி, தாங்கித் தண்ணியைத் திறந்து விடுங்கோ, 100 லீற்றர் எண்டா 100 கிலோ குறையும். ரயர்க் காத்தை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினா ரயர் சப்பி அகலமா மிதிக்கும். நாலு சில்லுக்கும் பின்னால மணலைச் சரிவா வெட்டி, தென்னோலையைத் திணிச்சு, வந்த தடத்திலயே மெல்லப் பின்னுக்கு எடுங்கோ. தெருவில ஏறின உடன காத்தடிக்க வேணும். இல்லாட்டி ரயர் சூடாகி வெடிக்கும். அதால ஒரு 12 வோல்ற் காத்துப் பம்பும் மண்வெட்டியும் இல்லாமல் வெளிக்கிடாதேங்கோ.

முல்லைத்தீவில இருந்து பூநகரிக்கு ஏ35 தெருவால பரந்தனுக்கு வந்து திரும்ப வேணும். பூநகரியில மணலை விடச் சுரிதான், அதாவது சேறுதான், பயம். தண்ணி வத்தின வெளியில மேல வெள்ளையா உப்புப் பொருக்கு, கீழ கறுத்தச் சுரி. ஆள் நடந்தாத் தாங்கும், வான் தாங்காது. காத்தைக் குறைச்சும் பிரயோசனமில்லை, ரக்ரர் பிடிச்சுத்தான் இழுக்க வேணும். குடிதண்ணியைப் பரந்தனிலயே நிரப்புங்கோ, பூநகரிக் கிணறுகள் கனக்க உவர். வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் சோழகக் காத்து, அதாவது தென்மேல் காத்து. பூநகரியில இருந்து யாழ்ப்பாணப் பக்கம் போற சங்குப்பிட்டிப் பாலத்தில உயரமான வானைப் பக்கத்தால தள்ளும், மெல்ல ஓடுங்கோ.

இன்னொண்டு, இது முக்கியம். மண்டையோடு கீறின சிவப்புப் பலகை, அதாவது கண்ணிவெடிப் பலகை, கண்டா அந்தப் பக்கமே வேண்டாம். பலகை இல்லாட்டியும் ஊர்ச்சனம் புழங்காத பத்தைக்குள்ள கால் வையாதேங்கோ.

கரையில நிண்டு கரைவலை இழுக்கிற இடத்தில, மீன்பிடிக்கிற ஆக்களின்ர வாடியில (கொட்டிலில) இருந்து தள்ளி வானை விடுங்கோ. வலைக்கயிறு கரை நெடுக ஓடும், குறுக்கால வான் நிண்டா அவையளின்ர தொழில் கெடும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிட்டக் கேட்டா விடுற இடத்தை அவரே காட்டுவார்.