குர்துகளின் இதழ்களும் நம் நூலகத்து இதழ் அடுக்கும்

(கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் இரண்டு உலகப் போர்களையும் நடத்தி முடித்து என் நேரத்தில் பாதியையும் கைப்பற்றிக்கொண்ட வரலாற்றுப் பேராசிரியர் அவர்களே, கிளை நூலகர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் தம்பி அவர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. பொன்னாடைக்குச் செலவழிக்கிற காசில் ஓர் இதழுக்குச் சந்தா கட்டலாமே என்று ஊர் ஊராகச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியவன் நான். சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

மேற்கு ஆசியாவில் சொந்த நாடு இல்லாத இனமான குர்துகளைப் பற்றி மூன்று செய்திகள் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒன்று, அவர்கள் மண் நான்காகக் கூறுபட்ட கதை. இரண்டு, மண் போன பிறகும் தாங்கள் ஓர் இனம் என்ற நினைப்பை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பது. மூன்று, இராக்கில் கையில் அதிகாரம் கிடைத்தபோது என்ன செய்தார்கள் என்பது.

முதல் செய்தியைப் பேராசிரியர் பாதி சொல்லிவிட்டார். முதல் உலகப் போரில் உஸ்மானியப் பேரரசு தோற்றது. 1920-இல் வென்ற நாடுகள் அதனோடு போட்டது செவ்ர் ஒப்பந்தம். அதில் குர்துப் பகுதிக்குத் தன்னாட்சி உண்டு, பிறகு விடுதலை வேண்டுமென்றால் உலக நாடுகள் சங்கத்திடம் கேட்கலாம் என்று எழுதியிருந்தார்கள். மூன்றே ஆண்டில், 1923-இல், லோசானில் புது ஒப்பந்தம் போட்டார்கள். அதில் குர்து என்ற பெயரே இல்லை. சிறுபான்மைப் பாதுகாப்பு முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும். குர்துகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், அதனால் அந்தக் கதவும் மூடிக்கொண்டது. இன்று அவர்கள் மூன்று கோடிக்குக் குறையாது என்பது பொதுவான கணிப்பு. துருக்கி, ஈரான், இராக், சிரியா என்று நான்கு நாட்டு எல்லைகளுக்குள் இருக்கிறார்கள். துருக்கியில் பல காலம் ‘மலைத் துருக்கியர்’ என்றுதான் இவர்களை அழைத்தார்கள்.

இரண்டாவது செய்தி என் மனசுக்கு நெருக்கமானது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். நான் எந்த மேடையிலும் சொல்கிற பழமொழிதான், சிரிக்காதீர்கள். குர்து வரலாற்றில் அந்த எறும்பு பத்திரிகை.

1898 ஏப்ரல் 22. கெய்ரோவில் மிக்தாத் மித்ஹத் பெதிர்கான் என்பவர் ‘குர்திஸ்தான்’ என்ற பத்திரிகையைத் தொடங்குகிறார். குர்து மொழியின் முதல் பத்திரிகை அது. ஏன் கெய்ரோவில்? சொந்த மண்ணில் சுல்தானின் ஆட்சி, நடத்தவே முடியாது. இவருடைய தந்தை பெதிர்கான் போத்தான் பகுதியை ஆண்ட சிற்றரசர். 1847-இல் உஸ்மானியப் படையிடம் தோற்று நாடு கடத்தப்பட்டவர். தந்தை வாளோடு நின்றார், மகன் அச்சுக்கூடத்துக்குப் போனார். பத்திரிகை கெய்ரோ, ஜெனீவா, லண்டன், ஃபோக்ஸ்டன் என்று ஊர் ஊராக அலைந்தது. 1902 வரை வந்தவை மொத்தம் 31 இதழ்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த ஏப்ரல் 22-ஐத்தான் குர்துகள் இன்றும் பத்திரிகை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அதே குடும்பத்தில் அடுத்த தலைமுறை ஜெலாதெத் அலி பெதிர்கான். 1932 மே 15-இல் டமாஸ்கஸில் ‘ஹாவார்’ இதழைத் தொடங்கினார். குர்து மொழியின் குர்மாஞ்சி வழக்குக்கு லத்தீன் எழுத்து முறையை ஒழுங்குபடுத்தி அந்த இதழிலேயே பழக்கினார். இடையில் சில ஆண்டுகள் நின்று, திரும்ப எழுந்து, 1943 வரை 57 இதழ்கள். மே 15 இப்போது குர்து மொழி நாள்.

1946 ஜனவரியில் ஈரானின் மகாபாத் நகரில் காஜி முகம்மது என்ற குர்துத் தலைவர் ஒரு குர்துக் குடியரசை அறிவித்தார். ஓராண்டுகூட நிற்கவில்லை. அந்தச் சில மாதங்களில் அவர்கள் அக்கறை காட்டிய வேலைகளில் பள்ளியில் குர்து மொழியும் அச்சுக்கூடமும் உண்டு. ஈரான் படை திரும்பி வந்ததும் அச்சுக்கூடத்தை மூடியது, குர்துப் புத்தகங்களைக் கொளுத்தியது. 1947 மார்ச்சில் காஜி முகம்மதுவைத் தூக்கிலிட்டார்கள், குடியரசை அறிவித்த அதே சதுக்கத்தில்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். செயலாளர் தம்பி கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

துருக்கியில் 1928-இல் எழுத்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தப் புது நெடுங்கணக்கில் கியூ, எக்ஸ், டபிள்யூ மூன்றும் இல்லை. ஹாவாரின் நெடுங்கணக்கில் மூன்றும் உண்டு. அப்புறம் என்ன, எழுத்தே குற்றவாளி ஆகிவிட்டது. வசந்த காலப் புத்தாண்டு மார்ச் 21-இல் வரும். குர்துகள் அதை ‘நெவ்ரோஸ்’ என்று டபிள்யூ போட்டு எழுதுவார்கள். 1990-களில் துருக்கி அரசு பார்த்தது: இந்தப் பண்டிகையைத் தடுத்துத் தடுத்து அலுத்துவிட்டது, நாமே கொண்டாடிவிடுவோம்! ‘நெவ்ருஸ்’ என்று வி போட்டு எழுதி, இது துருக்கியர் பண்டிகை என்று சொல்லி, அதிகாரிகளே கோட்டு சூட்டோடு தீயைத் தாண்டிக் குதித்தார்கள். வி போட்டுக் குதித்தால் அரசு விழா. டபிள்யூ போட்டு வாழ்த்து அட்டை அனுப்பினால் வழக்கு. யோசித்துப் பாருங்கள், அரசாங்கத்து இணையதள முகவரியே மூன்று டபிள்யூ-வில்தான் தொடங்கும்! துருக்கியின் பெரிய தொலைக்காட்சி ஒன்றின் பெயர் ‘ஷோ டிவி’. அதிலும் ஒரு டபிள்யூ. அவற்றின் மேல் வழக்கு ஏதும் இல்லை. பிள்ளைக்கு எக்ஸ் எழுத்தில் பெயர் வைத்துப் பதியப் போன பெற்றோரிடம் மாற்றி எழுதச் சொன்னார்கள். சிலர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2010-இல் அந்த நீதிமன்றமும் துருக்கிக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னது. 2013-இல் அரசே இறங்கிவந்து அந்த எழுத்துகளுக்கான தடையை விலக்குவதாக அறிவித்தது. எறும்பு ஊர, ஊர...

வானொலியையும் விட்டுவிடக் கூடாது. 1955 முதல் சோவியத் ஆர்மீனியாவின் எரவான் வானொலியில் குர்து ஒலிபரப்பு நடந்தது. ‘தெங்பேஜ்’ எனப்படும் கதைப்பாடகர்களின் குரல்கள் எல்லை தாண்டித் துருக்கிக் கிராமங்களுக்குள் வந்தன. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வீடே சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் இதழ், அதுதான் பள்ளிக்கூடம்.

பேராசிரியர் தலையை ஆட்டுகிறார். துப்பாக்கி, எண்ணெய், வல்லரசுகள், குலத்தலைவர்கள் எல்லாம் எங்கே என்று கேட்கிறார் போல. இருக்கின்றன ஐயா. ஆனால் 1988 மார்ச் 16-இல் இராக்கின் குர்து ஊரான ஹலப்ஜாவில் நச்சுப் புகை போட்டு ஏறத்தாழ ஐயாயிரம் பேரைக் கொன்ற சதாம் உசேனிடம் இல்லாத துப்பாக்கியா? அவருக்குப் பின் வந்த இராக்கின் 2005 அரசியல் சட்டத்தில் அரபியோடு குர்து மொழியும் ஆட்சிமொழி. அதைத் துப்பாக்கி மட்டும் வாங்கித் தந்திருக்க முடியாது என்பது என் கட்சி.

மூன்றாவது செய்திக்கு மணி அடித்துவிட்டார்கள். ஓடிக்கொண்டே சொல்கிறேன். 1992-இல் இராக்கின் குர்துகள் தேர்தல் நடத்திச் சொந்த நாடாளுமன்றம் வைத்தார்கள். 1994-இல் அவர்களின் இரண்டு பெரிய கட்சிகளான பார்சானி கட்சியும் தாலபானி கட்சியும் ஒன்றையொன்று சுடத் தொடங்கி, சமாதானம் வர 1998 ஆகிவிட்டது. 2017-இல் பொதுவாக்கெடுப்பு, 92 விழுக்காட்டுக்கு மேல் விடுதலைக்கு ஆதரவு. அடுத்த மாதமே அவர்கள் கையில் இருந்த எண்ணெய் நகரம் கிர்குக் கைவிட்டுப் போனது. ஏன் என்பதை வேறொரு நாள் பேசுவோம். குர்மாஞ்சிக்கு லத்தீன் எழுத்து, இன்னொரு வழக்கான சொரானிக்கு அரபி எழுத்து என்று இரண்டு வழியில் போவதையும் பேசியிருக்க வேண்டும்.

இப்போது என் வழக்கமான பேச்சு. 31 இதழ், 57 இதழ் என்று சொன்னேனே, அவற்றைக் காசு போட்டு அச்சடித்தவர்கள் நாடு இல்லாதவர்கள். நமக்கு 1948-லேயே நூலகச் சட்டம் வந்துவிட்டது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கீழே நம் கிளை நூலகத்தின் இதழ் அடுக்கைப் போய்ப் பாருங்கள்: இரண்டு வார இதழ்கள், ஒரு சோதிட இதழ். நூலகரைக் குறை சொல்லவில்லை, வருவதைத்தானே அவர் அடுக்க முடியும். இந்த மாவட்டத்திலேயே கைக்காசு போட்டுச் சிற்றிதழ் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும், சரி. எறும்புக்குத் தீனி யார் போடுவது?

நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் பேசும்போது நூலகத்துக்கு என்ன வேண்டுமென்றாலும் செய்வதாகச் சொன்னார்கள். கைதட்டலோடு கேட்டோம். வாசலில் மேசை போட்டுச் சந்தாப் படிவம் வைத்திருக்கிறோம். முதல் படிவத்தை அம்மையாரும் இரண்டாவதைத் தலைவர் ஐயாவும் நிரப்பித் தரவேண்டும். பேராசிரியருக்கு மட்டும் இரண்டு இதழ். என் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு. சில்லறை இல்லாதவர்கள் செயலாளர் தம்பியிடம் கூகுள் பே செய்யலாம். நன்றியுரை முடியும்வரை மேசை இருக்கும். வணக்கம்.