டூரோய், 2016: ரோட்டார் ஏன் கழன்றது?

[காட்சி: வட கடலின் வரைபடம். எண்ணெய் மேடையிலிருந்து பெர்கன் வரை ஒரு கோடு நீள்கிறது.]

2016 ஏப்ரல் 29, நண்பகலுக்குச் சற்று முன். குல்ஃபாக்ஸ் பி எண்ணெய் மேடையிலிருந்து 11 பயணிகளையும் விமானிகள் இருவரையும் சுமந்துகொண்டு, ஈசி225 சூப்பர் பூமா ஹெலிகாப்டர் ஒன்று நார்வேயின் பெர்கன் விமான நிலையத்தை நோக்கிச் சுமார் 2,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. கரை வந்துவிட்டது. டூரோய் தீவின் அருகே, எந்த முன்னறிகுறியும் இல்லாமல், பிரதான ரோட்டார், அதாவது ஹெலிகாப்டரைத் தூக்கிநிறுத்தும் மேல்சுழலி, முழுவதுமாகக் கழன்று தனியே பறந்தது. சில நொடிகளில் ஹெலிகாப்டர் ஒரு சிறு பாறைத் தீவில் மோதியது. 13 பேரும் உயிரிழந்தனர்.

என்ஜின் நின்றுபோனால்கூட, கீழிருந்து மேலேறும் காற்று ரோட்டாரைச் சுழற்றிக்கொண்டிருக்கும் என்பதால், விமானி ஹெலிகாப்டரைத் தரையிறக்க வாய்ப்பு உண்டு. ரோட்டாரே போய்விட்டால் எவ்வளவு தேர்ந்த விமானியாலும் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

[காட்சி: கியர் பாக்ஸின் குறுக்குவெட்டு.]

என்ஜினிலிருந்து நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளுக்கு மேல் வரும் வேகத்தை, ரோட்டாருக்கு ஏற்றபடி 300-க்கும் குறைவாக்குவது கியர் பாக்ஸின் வேலை. அதன் மேற்பகுதியில், சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல, நடுச்சக்கரத்தைச் சுற்றிவரும் 'கோள் பற்சக்கரங்கள்' உள்ளன. அவற்றில் ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள்: வெளிப்புறம் முழுவதும் பற்கள், வழவழப்பான உட்புறமோ பேரிங்கின் வெளிவளையம், அதில் உருளைகள் ஓடுகின்றன. அந்த உட்பரப்பில் விழுந்த ஒரு நுண்குழியில் தொடங்கிய விரிசல், உலோகச் சோர்வால், அதாவது மீண்டும் மீண்டும் விழும் சுமையால் உலோகம் பலமிழப்பதால், பரப்புக்கு அடியிலேயே வளர்ந்து, பற்களை நோக்கித் திரும்பி, சக்கரத்தையே பிளந்துவிட்டது, அதனால்தான் ரோட்டார் கழன்றது என்று நார்வே விபத்து விசாரணை வாரியம் 2018-இல் வெளியிட்ட இறுதி அறிக்கை கூறுகிறது.

தேயும் உலோகம் துகள்களாக உதிரும், எண்ணெயில் உள்ள காந்தமுனை அவற்றைப் பிடித்து எச்சரிக்கும் என்பதே பாதுகாப்பு ஏற்பாடு. இந்த விரிசலோ மிகச் சொற்பமான துகள்களையே உதிர்த்ததால், எச்சரிக்கை வரவே இல்லை.

மனத்தை மிகவும் உறுத்துவது இதற்கு 7 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. 2009 ஏப்ரல் 1 அன்று, ஸ்காட்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் மற்றொரு சூப்பர் பூமா இதேபோல ரோட்டாரை இழந்து விழுந்ததில் 16 பேர் இறந்தனர். அங்கும் உடைந்தது கோள் பற்சக்கரமே. அந்த கியர் பாக்ஸில் சில நாள்களுக்கு முன்பே ஓர் உலோகத் துகள் கிடைத்திருந்தும், அது எங்கிருந்து வந்தது என்பது சரியாக இனங்காணப்படவில்லை. அதன்பின் துகள் சோதனைகள் கடுமையாக்கப்பட்டன. சக்கரத்தின் வடிவமைப்பு மட்டும் மாறவில்லை.

டூரோய்க்குப் பிறகுதான், பயன்பாட்டில் இருந்த இருவகைக் கோள் பற்சக்கரங்களில் ஒருவகை விலக்கப்பட்டது. எஞ்சிய வகையின் ஆயுள்வரம்பும் குறைக்கப்பட்டது.